மாதம் ஒரு குறுந்தகட்டின் விலை: ஓர் இசைச் சேகரிப்பின் 36 மாதக் கணக்கு

இந்த ஆய்வு ஒரே ஒரு சேகரிப்பைப் பற்றியது, அது என்னுடையது. சிறிய, ஆனால் தவறாமல் கிடைத்த ஒரு மாதத் தொகையை வைத்துக்கொண்டு 36 மாதங்கள் ஆல்பங்களைச் சேர்த்தபோது எது பயன் தந்தது, பணம் எங்கே கசிந்தது என்பதை, அந்தக் காலம் முழுவதும் எழுதிவந்த கணக்கு நோட்டின் துணையோடு பதிவு செய்கிறேன். விலைகள் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்பதால் எந்தத் தொகையையும் நாணயத்தில் குறிப்பிடவில்லை. கடையில் புதிதாக வாங்கும் ஒரு குறுந்தகட்டின் விலையை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டேன். என் மாத ஒதுக்கீடு சரியாக ஓர் அலகு. அதற்கு மேல் எடுக்கக்கூடாது, மிஞ்சியதை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற இரண்டு விதிகளோடு தொடங்கினேன்.

எதை வேண்டுமானாலும் இணையத்தில் கேட்க முடிகிற காலத்தில் வாங்குவது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பல மாதங்கள் இரவில் கேட்டுவந்த ஓர் ஆல்பம் ஒருநாள் ஸ்ட்ரீமிங் சேவையின் பட்டியலிலிருந்து காணாமல் போனதுதான் எனக்குத் தொடக்கம். உரிம ஒப்பந்தம் முடிந்தால் அப்படி நேர்வது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னிடம் எஞ்சியது ஆல்பத்தின் பெயர் மட்டும்தான். யார் வாசித்தார்கள், எந்த ஆண்டு பதிவு செய்தார்கள், பாடல்களை ஏன் அந்த வரிசையில் அடுக்கினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. எனக்கு மிக நெருக்கமான இசையைப் பற்றி இவ்வளவு குறைவாக அறிந்திருந்தேன் என்பது உறுத்தியது. உறையோடும் குறிப்பேட்டோடும் முழு ஆல்பமாகக் கையில் இருக்கவேண்டும் என்ற முடிவு அங்கிருந்து வந்தது.

முதல் ஆண்டு: 12 அலகுகள்

முதல் 12 மாதக் கணக்கை உள்ளபடியே தருகிறேன். நான்கு புதிய குறுந்தகடுகளுக்கு 4 அலகுகள். தள்ளுபடியில் கிடைத்த மூன்று 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகளுக்கு 2 அலகுகள். பெட்டி வடிவில், ஒலிபெருக்கியும் உள்ளேயே அமைந்த விலை குறைந்த இசைத்தட்டுக் கருவி ஒன்றுக்கு 4 அலகுகள். அஞ்சலில் வரவழைத்த ஐந்து பழைய இசைத்தட்டுகளுக்கு 1 அலகு. அவை இரண்டு பொட்டலங்களாக வந்து சேர்ந்த செலவு இன்னுமோர் அலகு. ஆண்டு முடிவில் அலமாரியில் 12 ஆல்பங்கள் நின்றன. மீண்டும் மீண்டும் எடுத்துக் கேட்டவை ஐந்து மட்டுமே.

தொகுப்புகளில் நேர்ந்த இழப்பு எளிதில் விளங்கக்கூடியது. மூன்றிலும் சேர்த்து 48 பாடல்கள் இருந்தன. அவற்றில் 14 பாடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்பில் திரும்ப வந்தவை. பின்னர் மூல ஆல்பங்களை வாங்கத் தொடங்கியதும் மிச்சமிருந்த பாடல்களில் பலவும் இரட்டையாயின. ஒரே பாடலுக்கு இரண்டு முறை, சில பாடல்களுக்கு மூன்று முறை பணம் கொடுத்திருக்கிறேன். ஒரு கலைஞரை அறிமுகம் செய்துகொள்ளத் தொகுப்பு நல்ல வழிதான். ஆனால் அந்த அறிமுகத்தை இலவசமாகப் பெற முடிகிறபோது அதற்காக அலகைச் செலவிடுவது சரியல்ல.

இசைத்தட்டில் நேர்ந்த இழப்பு இன்னும் ஆழமானது, அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்ட நேர இசைத்தட்டு 1948-இல் அறிமுகமானது. அதன் நுண்ணிய பள்ளத்தில் ஓர் ஊசி உண்மையாகவே உரசிச் செல்கிறது. ஆகவே கருவியின் தரம் தட்டின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம் அழுத்தத்தில் இயங்கும். விலை குறைந்த பெட்டிக் கருவிகளில் இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் தேவைப்படுவது வழக்கம். ஊசியும் தேயும் பொருள். குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பின் மாற்றவேண்டும், மாற்றாவிட்டால் தேய்ந்த முனை பள்ளத்தின் சுவரைச் சுரண்டும். இவை எதையும் அறியாமல், 'கருவி ஒருமுறைச் செலவுதானே' என்று நினைத்து வாங்கினேன். மிகவும் விரும்பிய ஒரு தட்டின் உயர்ந்த சுரங்கள் சில மாதங்களில் மங்கிக் கரகரப்பதைக் கேட்டபோது, அந்தக் கருவியை நிறுத்தினேன்.

ஐந்து தட்டுகளில் ஒன்று வெயில் பட்டு வளைந்திருந்தது. இரண்டு தட்டுகள் இசையை விட இரைச்சலையே அதிகம் தந்தன. விற்றவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் 'வெரி குட்' என்று எழுதியிருந்தார். நான் அதை அகராதிப் பொருளில் படித்தேன். பழைய தட்டு விற்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் தர வரிசையில் மேலிருந்து கீழாக 'மின்ட்', 'நியர் மின்ட்', 'வெரி குட் பிளஸ்', 'வெரி குட்', 'குட்' என்று படிகள் உண்டு. இதில் 'வெரி குட்' என்பது மெல்லிய பகுதிகளிலும் பாடல்களுக்கு இடையிலும் இரைச்சல் காதில் விழும் தட்டைக் குறிக்கும். 'குட்' என்பதோ பெரிதும் தேய்ந்த தட்டு. நிம்மதியாகக் கேட்க விரும்புபவர் 'வெரி குட் பிளஸ்' என்ற படிக்குக் கீழே போகக்கூடாது. அந்த ஒரு சொல்லை அறியாததன் விலையை நான் அஞ்சல் செலவோடு சேர்த்துக் கொடுத்தேன்.

மூன்று தொகுப்புகளையும் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று தட்டுகளைக் கழித்தேன். நான்கு குறுந்தகடுகளும் இரண்டு இசைத்தட்டுகளும் எஞ்சின. 12 அலகுகளுக்கு நிலைத்தவை ஆறு ஆல்பங்கள். அதாவது ஆல்பத்துக்கு இரண்டு அலகுகள். ஏதும் யோசிக்காமல் மாதம் ஒரு புதிய குறுந்தகடு வாங்கியிருந்தாலும் அதில் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

ஏன் குறுந்தகடு

இரண்டாம் ஆண்டின் முதல் மாதத்தில் எதையும் வாங்காமல் சந்தையைப் படித்தேன். என் முடிவு தெளிவானது: கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இன்று மிக நல்ல வடிவம் பழைய குறுந்தகடுதான். இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு அடுத்த இருபது ஆண்டுகள் உலகெங்கும் பெருகியது. அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கத்தின் கணக்கில், 2000-ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஒரு நாட்டில் 94 கோடிக்கும் அதிகமான தகடுகள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. பிறகு கேட்போர் வேறு வழிகளுக்கு மாறினர். அதே சங்கத்தின் கணக்கில் 2020-இல் இசைத்தட்டின் வருவாய் குறுந்தகட்டின் வருவாயை மிஞ்சியது. 2022-இல் எண்ணிக்கையிலும் மிஞ்சியது. வீடுகளில் குவிந்த கோடிக்கணக்கான தகடுகளுக்கு இன்று தேவை குறைவு; இசைத்தட்டுக்கோ தேவை கூடிக்கொண்டே இருக்கிறது. கூட்டம் திரும்பிப் பார்க்காத பக்கத்தில்தான் சிறிய பணத்துக்கு மதிப்பு.

அந்தக் குறைந்த விலை ஒலியின் தரத்தைக் குறைப்பதும் இல்லை. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதியும் முறை, புதிய தகட்டிலும் இருபது ஆண்டு பழைய தகட்டிலும் ஒன்றே. இசைத்தட்டில் தேய்மானம் நேராக ஒலியில் சேரும். குறுந்தகட்டில் பிழை திருத்தும் முறை உள்ளேயே இருப்பதால், தரவு பதிந்த தடத்தின் நெடுகில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தரவு தொடர்ச்சியாகக் கெட்டாலும் அதை முழுமையாக மீட்க முடியும். ஆகவே கீறல் விழுந்த தகடும் பெரும்பாலும் புதியதைப் போலவே பாடும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப்பட்ட ஒரு செய்தி பதிப்புகளைப் பற்றியது. 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகு, பிற தகடுகளைவிட உரக்க ஒலிக்கவேண்டும் என்ற போட்டியில் பல ஆல்பங்களின் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையிலான வேறுபாட்டை நெருக்கிவிட்டார்கள். 'புதுப்பிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு கூடுதல் விலைக்கு வரும் மறுபதிப்புகள் சில இந்த வகையைச் சேர்ந்தவை. 1980-களில் வந்த முதல் பதிப்புத் தகடு, கடை மூலையில் கால் விலைக்குக் கிடக்கும்போதே, அந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கலாம். எல்லா முதல் பதிப்பும் சிறந்தது என்று சொல்லமாட்டேன்; தேய்ந்த நகல் நாடாவிலிருந்து அவசரமாக உருவாக்கிய தகடுகளும் அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் விலை கூடினால் ஒலியின் தரமும் கூடும் என்ற நம்பிக்கையை என் காதுகள் பலமுறை மறுத்திருக்கின்றன.

காத்திருப்புப் பட்டியல்

வடிவத்தை மாற்றியது பாதி மாற்றம் என்றால், வாங்கும் முறையை மாற்றியது மீதிப் பாதி. என் கணிப்பில் அதுவே பெரிய பாதி. விரும்பும் ஆல்பத்தை உடனே வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதலில் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பிறகு 30 நாட்களுக்குள், நூலகத்தில் இரவல் வாங்கியோ விளம்பரத்தோடு வரும் இலவச ஸ்ட்ரீமிங்கிலோ, முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை மூன்று முறை கேட்கவேண்டும். மூன்றாம் முறைக்குப் பின்னும் மனம் கேட்டால் அது வாங்கத் தகுந்தது. மூன்று முறை கேட்க நேரம் ஒதுக்கத் தோன்றவில்லை என்றால், அதுவே விடை, பெயரை அடித்துவிடலாம்.

24 மாதங்களில் 134 ஆல்பங்கள் இந்தப் பட்டியலில் ஏறின. 69 வாங்கப்பட்டன, 54 அடிக்கப்பட்டன, 11 இன்னும் காத்திருக்கின்றன. இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் எண் 54. எழுதிய நாளில் அவை ஒவ்வொன்றும் எனக்குக் கட்டாயம் வேண்டியவையாகவே தோன்றின. ஒரு பாடலின் மயக்கத்தில் எழுதியவை பல. பிறர் புகழ்ந்ததால் எழுதியவை இன்னும் பல. முதல் ஆண்டின் வழக்கப்படி நடந்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி அலமாரியில் இருந்திருக்கும், கேட்கப்படாமலே.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. மெதுவாகத் திறக்கும் இசை மூன்று முறையில் பிடிபடாது. அடித்துவிட்ட ஓர் ஆல்பத்தை ஓராண்டு கழித்து ஓரிடத்தில் தற்செயலாகக் கேட்டு, நின்றுவிட்டேன். அதனால் அடித்த பெயர்களை அழிப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை அந்தப் பக்கங்களைத் திரும்பிப் பார்க்கிறேன்.

இரண்டு ஆண்டுகள்: 24 அலகுகள்

பழைய குறுந்தகடுகள் 51, அவற்றுக்கு 10 அலகுகள். ஒரே கலைஞரின் ஐந்து ஆல்பங்களை மெல்லிய அட்டை உறைகளில் ஒன்றாக அடக்கிய மலிவுப் பெட்டிகள் மூன்று, 4.5 அலகுகள். கலைஞர்களிடமிருந்து நேரடியாக வாங்கிய கோப்பு வடிவ ஆல்பங்கள் ஒன்பது, 4 அலகுகள். தகடுகளைக் கணினியில் படிக்க உதவும் வெளிப்புற இயக்கி ஒன்று, 1 அலகு. வெளிப்புற வன்தட்டு ஒன்று, 3 அலகுகள். அஞ்சல் 1 அலகு. உறைகளும் துடைக்கும் துணியும் அரை அலகு. ஆக மொத்தம் 24.

பழைய தகடுகளை வாங்கும் இடத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றேன். பெரும்பாலானவர்கள் பளபளக்கும் அடிப்பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் கவசம் இருக்கிறது. ஒளிக்கதிர் அதைக் கடந்து உள்ளே குவிவதால் மேலோட்டமான கீறல்கள் பெரிதாகப் பாதிப்பதில்லை. அச்சிட்ட மேல்பக்கம்தான் பலவீனமானது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே ஆழமான கீறல் விழுந்தால் தரவே போய்விடும், மெருகேற்றியும் மீட்க முடியாது. எனவே தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்து, ஊசித்துளை போல ஒளி கசிகிறதா என்று பார்ப்பேன். விளிம்பிலிருந்து செம்பழுப்பு நிறம் பரவியிருந்தால் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தொடவே மாட்டேன். அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் பச்சையோ நீலமோ கலந்திருந்தால் அது ஆலையில் அச்சிட்டதாக இருக்காது, யாரோ பதிந்த நகலாக இருக்கும். ஒருமுறை அவசரத்தில் இதைப் பார்க்கத் தவறி, அட்டையும் பெட்டியும் அசலாக இருந்த ஒரு நகலை வாங்கிவிட்டேன். இன்னும் இரண்டு தகடுகள் கணினியில் ஏறவே இல்லை. 51-இல் இழப்பு இந்த மூன்று மட்டும்தான்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் புதிய கீறல் தடத்தின் திசையிலேயே விழும், பிழை திருத்தும் முறைக்கு அதுதான் மிகக் கடினம்.

பதிப்பை அடையாளம் காண, 2000-இல் தொடங்கிய, இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவுத்தளம் எனக்குப் பெரிதும் உதவியது. தகட்டின் உள்வட்டத்தில் பொறித்த எண்ணையும் பின்னட்டையின் பட்டைக் குறியையும் வைத்து எந்த ஆண்டின் பதிப்பு என்று அறியலாம். முன்பு என்ன விலைக்கு விற்றது என்பதும் அங்கே தெரியும். கேட்கும் விலையை விட விற்ற விலையே உண்மையான விலை. தகடுகளைப் பெட்டியோடு மொத்தமாக அள்ளிவருவதை ஒருமுறையும் செய்யவில்லை. ஒன்றின் விலை மிகக் குறைவாகத் தெரிந்தாலும், அவை பட்டியலில் இல்லாதவை.

ஐந்து ஆல்பப் பெட்டிகளைப் பற்றி எனக்கு இரு மனம். மூன்று பெட்டிகளின் 15 ஆல்பங்களில் 9 மட்டுமே என் பட்டியலில் இருந்தவை. 6 கூடவே வந்தவை. அந்த ஆறில் இரண்டு இன்று எனக்கு நெருக்கமானவை என்பது மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பெட்டிகளில் குறிப்பேடு இருப்பதில்லை. பின்னட்டை எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். யார் வாசித்தார்கள் என்று அறியவே சேகரிக்கத் தொடங்கிய எனக்கு அது சிறிய குறையல்ல. விலையைப் பார்த்துச் சமாதானம் அடைந்தேன் என்பதே உண்மை.

மேற்கத்தியச் செவ்வியல் இசையைச் சேர்ப்பவருக்கு விலையில் ஒரு வசதி உண்டு: ஒரே படைப்புக்குப் பத்துக்கணக்கான பதிவுகள் இருக்கும். 1987-இல் கிளவுஸ் ஹெய்மான் தொடங்கிய நாக்சோஸ் நிறுவனம், அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களைக் கொண்டு புதிதாகப் பதிவு செய்து குறைந்த விலையில் வெளியிட்டே வளர்ந்தது. அப்படி வாங்கிய சில தகடுகளில் வாசிப்பு புகழ்பெற்ற பெயர்களுக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததாக எனக்குப் படவில்லை.

பழைய தகடு வாங்கும்போது அதை உருவாக்கிய கலைஞருக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. 4 அலகுகளை அதற்காகத்தான் ஒதுக்கினேன். கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில், கோப்பு விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீத அளவில் நின்றுவிடும். பணம் செலுத்தும் செலவு போக மீதி கலைஞரையோ அவருடைய வெளியீட்டாளரையோ சேரும். 2020 மார்ச் முதல் சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுத்து வருகிறது. இன்று வாழ்ந்து பாடிக்கொண்டிருப்பவர்களின் ஒன்பது ஆல்பங்களையும் முடிந்தவரை அந்த நாட்களில் வாங்கினேன். தரம் இழக்காத கோப்பாகவே கிடைப்பதால் அஞ்சல் செலவும் இல்லை.

வன்தட்டுக்கு 3 அலகுகள் கொடுத்ததைக் கேட்ட நண்பர்கள் வியந்தார்கள். அந்தப் பணத்துக்குப் பதினைந்து பழைய தகடுகள் வந்திருக்கும். ஆனால் நான் வாங்கும் ஒவ்வொரு தகடும் பழையது, உள்ளிருக்கும் படலம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாதது. வாங்கிய வாரத்திலேயே கணினியில் ஏற்றி, பிறர் அதே பதிப்பை ஏற்றியபோது கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு என்னுடையது ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். ஒத்துப்போனால் ஒரு பிட்டும் தவறவில்லை என்று தெரியும். ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்தில் சேமித்தால் ஒலியில் எதையும் இழக்காமல் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 45 நிமிட ஆல்பம் ஒன்று 250 முதல் 300 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கணினியில் ஒரு பிரதி, வன்தட்டில் ஒரு பிரதி. தகட்டைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால் கோப்பையும் அழித்துவிடுவேன்.

36-ஆம் மாத முடிவில்

24 அலகுகளுக்கு வாங்கிய 75 ஆல்பங்களில் மூன்று கழிந்து 72 நிலைத்தன. ஆல்பத்துக்கு மூன்றில் ஓர் அலகு, அதுவும் இயக்கி, வன்தட்டு, அஞ்சல், உறை எல்லாவற்றையும் சேர்த்து. முதல் ஆண்டின் ஆறோடு சேர்த்து 78 ஆல்பங்கள் இன்று என்னிடம் உள்ளன. மூன்று ஆண்டுகளிலும் மாத ஒதுக்கீடு ஒன்றே. இரண்டு அலகு மூன்றில் ஓர் அலகாகக் குறைந்ததில் வடிவ மாற்றத்துக்கும் பட்டியலுக்கும் எவ்வளவு பங்கு என்று துல்லியமாகப் பிரிக்க இயலவில்லை. ஆனால் தகடு மலிவாகக் கிடைத்தும் பட்டியல் இல்லாதிருந்தால் 54 தேவையற்ற ஆல்பங்களை மலிவாக வாங்கிக் குவித்திருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதல் ஆண்டில் தப்பிய இரண்டு இசைத்தட்டுகளும் உறை மாற்றி, நிமிர்த்தி, அலமாரியின் ஓரத்தில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று குறுந்தகடாக வெளிவரவே இல்லை. எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் நான் கண்டதில்லை. ஈராண்டாக அதை ஒலிக்கவிடவில்லை. அழுத்தத்தைச் சரிசெய்ய முடிகிற, காந்தக் கார்ட்ரிட்ஜ் உள்ள ஒரு பழைய கருவிக்கு 7 அலகுகள் ஆகும் என்று கணக்கிட்டு, 37-ஆம் மாதம் முதல் மாதம் அரை அலகை அதற்கென்று தனியே எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.